அசையாத பாறை எங்கே போச்சு?

நூற்றைம்பது கிலோ பாறையை இரண்டாவது மாடியிலிருந்து திருடிக்கொண்டு போய்விட்டாள் என்று அந்தப் பெண்மேல் குற்றச்சாட்டு. அவளுடைய எடை நாற்பத்தெட்டு கிலோ. கையிலிருந்த வாளியையும் சேர்த்தால் ஐம்பது.

"அண்ணி, கேஸ் முடிஞ்சுது," என்றான் மெத்தை. "தன் எடையைப் போல மூணு மடங்கு தூக்கிட்டு நடக்கிறது எறும்பு மட்டும்தான். எறும்பைப் பிடிச்சு உள்ள போட்டுரலாம்."

தராசம்மா சிரிக்கவில்லை. காலை பத்து மணிக்கு முன்னால் அவர் சிரிப்பதில்லை. அப்போது மணி ஒன்பதே முக்கால்.

எடையளவுத் துறையில் இருபத்து நான்கு வருஷம் ஆய்வாளராக இருந்தவர் அவர். கடைக்காரர்களின் தராசுத் தட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் காந்தத்தைப் பிடுங்கிப் பிடுங்கியே மனித குலத்தைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்திருந்தார். ஓய்வு பெற்றதும் துப்பறியும் நிறுவனம் தொடங்கினார். கைப்பையில் சீப்பு, கண்ணாடி இருக்கிறதோ இல்லையோ, முத்திரை குத்திய ஒரு லிட்டர் குவளையும் உள்ளங்கை அகல மின்தராசும் இருக்கும். யாராவது "மனசு பாரமா இருக்கு" என்று சொன்னால் எத்தனை கிராம் என்று கேட்கக்கூடியவர். மெத்தை அவருடைய கணவரின் தம்பி. பதினோரு வருஷம் மெத்தை விற்றவன். தொழிலை விட்டும் பெயர் விடவில்லை. உட்கார்ந்த இடத்தில் தூங்கும் பழக்கமும் விடவில்லை.

வாளிக்காரப் பெண் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். ஊரில் பன்னிரண்டு இடங்களில் கடல்மீன் தொட்டிகளைப் பராமரிப்பது அவள் வேலை. எல்லா இடத்திலும் அவளுக்குத் தொட்டியக்கா என்றுதான் பெயர்; அவளைவிடப் பத்து வயது பெரியவர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பன்னிரண்டில் பெரிய தொட்டி மன உறுதிப் பயிற்சி நிலையத்தில் இருக்கிறது. எட்டடி நீளம். நடுவில் ஒரு பாறை. நிலையத்தை நடத்தும் ஐயா ஆழ்கடலில் மூழ்கித் தன் கையாலேயே பெயர்த்துக்கொண்டு வந்ததாகச் சொல்லப்படும் பாறை. தங்கைக்குப் பிரசவம் என்று அவள் பத்து நாள் லீவில் போயிருந்தாள். இன்று காலை எட்டு மணிக்குத் திரும்பி வந்து பார்த்தால் தொட்டி இருக்கிறது, மீன் இருக்கிறது, பாறை இல்லை. தொட்டி மூடிக்கு இரண்டே சாவி, ஒன்று ஐயாவிடம், ஒன்று இவளிடம்; அதனால் திருடியவள் இவள்தான் என்று ஐயா பத்துப் பேர் முன்னால் சொல்லிவிட்டார். சாவிக்கொத்தையும் பிடுங்கி வைத்துக்கொண்டார்.

மாலை நான்கு மணிக்கு அங்கே சபதம் எடுக்கும் விழா. இருநூறு பயிற்சியாளர்கள் தொட்டிக்கு முன்னால் நின்று, பாறையைப் பார்த்து, இனி அசையமாட்டோம் என்று உறுதி சொல்ல வேண்டும். பாறை வராவிட்டால் மேடையிலேயே இவள் பெயரைச் சொல்லி, மற்றப் பதினோரு இடத்துக்கும் போன் போடப்போவதாக ஐயா அறிவித்திருக்கிறார்.

"அங்க வேலை போனாப் போகட்டும் மேடம்," என்றாள் தொட்டியக்கா. "பன்னெண்டு இடத்துச் சாவியை என்னை நம்பிக் குடுத்திருக்காங்க. வீட்ல யாரும் இல்லாதப்ப உள்ள போய் வர்றவ நான். ஒருத்தர் திருடின்னு சொல்லிட்டா அப்புறம் எவங்க சாவி குடுப்பாங்க?"

தராசம்மா எழுந்து கைப்பையை மாட்டிக்கொண்டார். மணி பத்து அடித்தது. லேசாகச் சிரித்தார்.

மன உறுதிப் பயிற்சி நிலையத்தின் சுவரெல்லாம் வாசகங்கள். படியேறும்போது "நீ பாறை" என்றது ஒரு சுவர். "உலகம் வெறும் அலை" என்றது அடுத்த சுவர். கழிவறைக் கதவில்கூட "அடக்கமே ஆற்றல்" என்று எழுதியிருந்தது. அந்த அறிவுரையை அந்த இடத்தில் கடைப்பிடிப்பது கஷ்டம் என்று மெத்தை அபிப்பிராயப்பட்டான்.

இரண்டாம் மாடிக் கூடத்தின் நடுவே தொட்டி. இடது கோடியில் லிப்டும் மாடிப்படியும். வலது கோடியில் ஐயாவின் அறை. தொட்டிக்குள் மஞ்சளும் நீலமுமாகச் சில மீன்கள், வீட்டுக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டை இடித்துவிட்டதைப் போல, காலி இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தன. கண்ணாடியின் மேல்பக்கம் தொட்டியக்கா மார்க்கரால் போட்ட கோடு. அதற்கு மேல் அவள் ஒட்டிவிட்டுப் போன சீட்டு: "தினமும் கோடு வரைக்கும் தண்ணி ஊத்தவும்." தண்ணீர் கோட்டை விட்டு ஒரு நூல்கூட இறங்கவில்லை. தொட்டியின் கீழே ஒரு பித்தளைப் பலகை. ஆழ்கடல் தந்த அசையாப் பாறை, எடை நூற்றைம்பது கிலோ, தொடாதீர்கள் என்று அதில் பொறித்திருந்தது.

பக்கத்துச் சுவரில் ஆளுயரப் புகைப்படம். ஐயா கடலிலிருந்து எழுந்து வருகிறார். வலது தோளில் பாறை. அதில் பெரிய குகை மாதிரி ஓட்டை, பக்கத்தில் இரண்டு சின்ன ஓட்டை. இடது கை இடுப்பில். தலைமுடி வகிடு கலையவில்லை. தராசம்மா அந்தப் படத்தின் முன்னால் ஒரு நிமிஷம் நின்றார். முகத்தைப் பார்க்கவில்லை, முழங்காலைப் பார்த்தார்.

அப்போது ஐயா வந்தார். வந்தார் என்பது சாதாரண ஆட்களுக்குச் சொல்வது, அவர் எழுந்தருளினார். மைக் இல்லாத இடத்திலும் மைக் முன்னால் நிற்கிறவரைப் போலவே பேசினார். மர்மக் கும்பல் ஒன்று கயிறு கட்டி ஜன்னல் வழியாகப் பாறையை இறக்கியிருக்க வேண்டும் என்றும், உள்ளிருந்து மூடியைத் திறந்து கொடுத்தவள் இவள் என்றும், தன் வளர்ச்சி பிடிக்காத சக்திகள் பின்னணியில் இருப்பதாகவும் விளக்கினார். வாசல் காவலாளி யாரும் எதையும் கொண்டுபோகவில்லை என்கிறாரே என்று மெத்தை கேட்டதற்கு, காவலாளிக்கு இன்னும் இரண்டாம் நிலைப் பயிற்சி முடியவில்லை என்று பதில் வந்தது.

"இந்தப் பெண் விடுமுறையில் சென்ற பத்து நாளும் இத்தொட்டியைத் தாயைப் போலக் காத்தவன் நான்," என்றார் ஐயா. "காலையில் ஒரு வாளி, மாலையில் ஒரு வாளி. வெறும் தண்ணீர் அல்ல சகோதரி. பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுப்படி உயர்தரக் கடலுப்பைக் கரைத்து, என் கையாலேயே ஊற்றினேன்."

தொட்டியக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஐயா விரலை உயர்த்தினார். திருடர்கள் பேசும் நேரம் இது இல்லையாம்.

இதற்கிடையே மெத்தை கம்பளத்தில் கிடந்த ஒரு சங்கைப் பொறுக்கியிருந்தான். அதற்குக் கால் முளைத்தது. "இந்த ஆபீஸ்ல பேப்பர்வெயிட்டும் வெளிநடப்பு பண்ணுது அண்ணி," என்று கையை உதறப் போனான். தொட்டியக்கா பாய்ந்து வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அது சங்கு நண்டு. பாறையிலேயே குடியிருக்கும், ஒருநாளும் வெளியே வந்ததில்லை என்று பதறினாள். திருடும் அவசரத்தில் விழுந்திருக்கும் என்று ஐயா சட்டென்று சொன்னார். எங்கே கிடந்தது என்று தராசம்மா கேட்க, மெத்தை கையைக் காட்டினான். நண்டு தொட்டிக்குள் போனது.

கூடவே தராசம்மாவின் கையும் போனது. முத்திரைக் குவளையில் தளும்பத் தளும்பத் தண்ணீரை மொண்டு ஒரு பாட்டிலில் ஊற்றி மூடினார்.

"தண்ணீரில் கைரேகை இருக்குமா சகோதரி?" என்றார் ஐயா, இகழ்ச்சியாக.

"இருக்காதுங்க. எடை இருக்கும்."

ஸ்கூட்டரில் போகும்போது மெத்தை, பாறையின் எடையைப் பற்றி அண்ணி என்ன நினைக்கிறார் என்று காற்றுக்கு மேலே கத்திக் கேட்டான்.

"நூத்தம்பது கிலோ தோள்ல இருந்தா முகம் வேணா சிரிக்கும்," என்றார் தராசம்மா. "முழங்கால் சிரிக்காது. அந்தப் படத்துல முழங்காலும் சிரிக்குது."

ஆகவே பாறை பொய். லேசான செயற்கைப் பாறை. அதைச் செய்தவர் யாரென்று கண்டுபிடித்தால் மிச்சம் தானாக வரும். கையிலிருந்த ஒரே நூல் அதுதான். மிச்சமிருந்தது ஐந்து மணி நேரம்.

முதலில் தோட்டச் சிலைகள் விற்கும் கடைக்குப் போனார்கள். அங்கே எல்லாம் கெட்டிச் சிமென்ட். லேசான பாறை கேட்டதைக் கடைக்காரர் தன் குடும்பத்துக்கே ஏற்பட்ட அவமானமாக எடுத்துக்கொண்டார். நான்கு பேர் தூக்கினால்தான் பாறை, ஒருத்தர் தூக்கினால் அது பொம்மை என்றார். இதைத் தொட்டிக்குள் வைத்தால் கண்ணாடி உடையாதா என்று கேட்டதற்கு, கண்ணாடி உடையும், பாறை உடையாது என்று உத்தரவாதம் கொடுத்தார்.

அடுத்தது நாடக அரங்கப் பொருட்கள் வாடகைக்கு விடும் கிடங்கு. அங்கே ஒரு மலையே இருந்தது. மெத்தை அதைச் சுண்டுவிரலால் தூக்கி, இரண்டு முறை மேலே போட்டுப் பிடித்தான். அரங்கக்காரர் வந்து மலையை வாங்கி வைத்தார். தெர்மோகோல் தண்ணீரில் படகு மாதிரி மிதக்கும், அடித்திருக்கும் பெயின்ட் கரைந்தால் மீன்கள் வானவில் நிறத்தில் மேலே வரும், மல்லாக்க வரும் என்று எச்சரித்தார். லேசாகவும் இருக்க வேண்டும், உப்புத் தண்ணீருக்குள் அடங்கி உட்காரவும் வேண்டும் என்றால் ஊரில் ஒரே ஆள்தான். பழைய பனிக்கட்டித் தொழிற்சாலைக்குப் பின்னால் ஒரு கொட்டகை.

கொட்டகையில் வரிசையாக நீல டிரம்கள். ஒவ்வொன்றிலும் பாறைகள், வெயிலுக்கு ஒதுங்கிய எருமைகள் மாதிரி மூழ்கிக் கிடந்தன. பாறைக்காரருக்குப் புருவம் முழுக்கச் சிமென்ட். அதனால் எதைச் சொன்னாலும் ஆச்சரியப்படுகிறவர் போலவே தெரிந்தார். நிஜப் பாறை கனம், தொட்டியும் தாங்காது, தளமும் தாங்காது. அதனால் நுரைப்பலகையை உள்ளே குடைந்து கூடு மாதிரி செய்து, மேலே மெல்லிசாகச் சிமென்ட் பூசி, அதன் காரம் இறங்க ஆறு வாரம் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைக்கிறாராம். காரம் இறங்காத பாறை மீனுக்கு எமன். கடைசியில், கடல் எவ்வளவு உப்போ அவ்வளவு உப்புக் கரைத்த டிரம்மில் போட்டுப் பார்ப்பார். உட்கார்ந்தால் பாஸ்.

மெத்தை ஒரு உடைந்த துண்டைக் கட்டைவிரலால் அழுத்தினான். "முப்பத்திரண்டு டென்சிட்டி. இடுப்பு வலிக்காரங்களுக்கு நல்லது." பாறைக்காரர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார், அதைக் கண்டுபிடிக்க வழியில்லை.

மூலையில் ஒரு சின்னப் பாறை. குகை மாதிரி ஒரு ஓட்டை, பக்கத்தில் இரண்டு சின்ன ஓட்டை. புகைப்படத்தில் இருந்ததின் தம்பி.

இதன் அண்ணனை வாங்கியது யார் என்று தராசம்மா கேட்டார். வாடிக்கையாளர் பெயரைச் சொல்வது தொழில் தர்மம் இல்லை என்று பாறைக்காரர் மறுத்தார். பாதிப் பேர் நிஜம் என்று சொல்லிக்கொள்ளத்தான் வாங்குகிறார்கள். தான் வாயைத் திறந்தால் அத்தனை வீட்டு வரவேற்பறையும் இடிந்துவிடும். ஆனால் அந்தப் பெரிய பாறையைப் பற்றி அவருக்கு ஒரு மனக்குறை இருந்தது. மனக்குறைக்குத் தொழில் தர்மம் கிடையாது.

"இருபது கிலோ வர்ற மாதிரி அம்சமா செஞ்சேங்க," என்றார். "மூணு தடவை திருப்பி அனுப்பிட்டாரு. இன்னும் லேசா, இன்னும் லேசான்னு. தளம் தாங்காதான்னு கேட்டேன். இல்லையாம். தோள்ல வச்சு போட்டோ எடுக்கணுமாம், தோள் வலிக்குதாம். சுரண்டிச் சுரண்டிப் பன்னெண்டு கிலோவுக்குக் கொண்டுவந்தேன். அதுக்கு மேல சுரண்டினா உக்காராதுன்னு கடைசியா ஒரு கைப்பிடி மணல் ஒட்டி அனுப்பினேன். அந்தக் கைப்பிடிதான் அதைத் தண்ணிக்குள்ள வச்சிருக்கு."

மெத்தையின் முகம் மலர்ந்து, உடனே வாடியது. அண்ணியை ஓரமாக இழுத்தான்.

"அண்ணி, நூத்தம்பது கிலோவா இருந்தவரைக்கும் அக்கா நிரபராதி. பன்னெண்டு கிலோன்னா வாளியில போட்டே தூக்கிட்டுப் போயிருக்கலாம். நம்ம கட்சிக்காரருக்கு எதிரா நாமே ஊரெல்லாம் சுத்தி ஆதாரம் சேர்த்திருக்கோம். பேசாம ஐயாகிட்டயே பீஸ் வாங்கிக்கலாம்."

தராசம்மா "ஒரு கைப்பிடி" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். கைப்பையைத் திறந்து தராசை எடுத்து ஒரு டிரம்மின் மூடிமேல் வைத்தார். பாறைக்காரரின் கடலுப்பு டிரம்மில் முத்திரைக் குவளையை முக்கி நிறைத்து எடைபோட்டார். குவளையின் எடை போக ஆயிரத்து இருபத்தைந்து கிராம். பிறகு ஐயாவின் தொட்டியிலிருந்து கொண்டுவந்த தண்ணீரை அதே குவளையில் நிரப்பினார். ஆயிரத்து முப்பத்திரண்டு.

"ஏழு கிராம்," என்றார். காதல் கடிதம் படிப்பவரின் குரலில்.

கடைகளில் ஏழு கிராமுக்காக எத்தனையோ பேரை அழவைத்தவர் அவர். ஆனால் இவ்வளவு சந்தோஷத்தைக் கொடுத்த ஏழு கிராம் இதுவரை வந்ததில்லை. பாறைக்காரரிடம் ஒரு மூட்டை உப்பு கேட்டார். கடலுப்பு டிரம்மில் தம்பிப் பாறையை இறக்கச் சொன்னார். அது சமர்த்தாக அடியில் போய் உட்கார்ந்தது. மெத்தை கைகையாக உப்பை அள்ளிப் போட, பாறைக்காரர் துடுப்பால் கலக்கினார். மூன்று பேரும் டிரம்முக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள். பத்து நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. மெத்தை, மீன் குழம்பில் இவ்வளவு உப்புப் போட்டதற்காக ஒருமுறை வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டதை நினைவுகூர்ந்தான்.

பிறகு பாறை ஒரு பக்கம் சாய்ந்தது. கூட்டத்தில் வேண்டியவர் வந்ததும் இடம் கொடுக்க எழுகிறவரைப் போல, மெல்ல, மரியாதையாக எழுந்தது. மேலே வந்து மெத்தையின் மூக்கில் இடித்தது.

மெத்தை மூக்கைத் தடவிக்கொண்டான்.

"அண்ணி, பாறையை யாரும் திருடல. பாறையே ராஜினாமா பண்ணியிருக்கு."

தராசம்மா டிரம்மைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இருபத்து நான்கு வருஷ ஆய்வாளர் சிரிப்பு. அதில் பாறைக்காரரின் புருவத்திலிருந்து கொஞ்சம் சிமென்ட் உதிர்ந்தது. பிறகு சுருக்கமாக விளக்கினார். தொட்டியில் தண்ணீர் ஆவியாகக் குறையும். குறைவது தண்ணீர் மட்டும். உப்பு உள்ளேயே இருக்கும். அதனால் ஈடு செய்ய ஊற்ற வேண்டியது நல்ல தண்ணீர். தொட்டியக்காவுக்கு அது மூச்சு விடுவது மாதிரி. எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றவேயில்லை. தண்ணி ஊத்தவும் என்று எழுதினாள், எந்தத் தண்ணி என்று எழுதவில்லை. கடல் தொட்டிக்குக் கடல் தண்ணீர்தான் மரியாதை என்று நினைத்த மகான், பத்து நாளில் இருபது வாளித் தண்ணீரின் உப்பைச் சேர்த்துவிட்டார். பாறையை வைத்திருந்ததோ ஒரே ஒரு கைப்பிடி மணல்.

"சரி, மிதந்துச்சு," என்றான் மெத்தை. "மிதந்த பாறை எங்க அண்ணி?"

"நண்டை எங்க எடுத்தே?"

"கம்பளத்துல."

"கம்பளம் எட்டுத் திக்கும் இருக்கு."

மெத்தை யோசித்தான். லிப்டும் படியும் இடது கோடி. நண்டு கிடந்தது வலது கோடி. ஐயாவின் அறைக் கதவுக்கு முன்னால். பாறையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடும் திருடன் எவனும் அந்தப் பக்கம் போகமாட்டான்.

"ஐயையோ," என்றான் மரியாதையாக. தம்பிப் பாறையை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஸ்கூட்டரை உதைத்தான்.

மணி மூன்று நாற்பது. கூடத்தில் இருநூறு பேர் வெள்ளை உடையில் வரிசையாக உட்கார்ந்து அசையாமல் இருக்கப் பழகிக்கொண்டிருந்தார்கள். தொட்டிக்குப் பக்கத்தில் தொட்டியக்கா தனியாக, திருடி என்று எழுதி ஒட்டாத குறையாக நின்றாள். அவள் கண் மீன்கள் மேலேயே இருந்தது. நீல மீன் வேகமாக மூச்சு வாங்குகிறது, தண்ணீரைத் தொட விடமாட்டேன் என்கிறார்கள் என்று மட்டும் சொன்னாள்.

ஐயாவின் அறைக்குள் ரோஜா வாசனைத் தெளிப்பானின் மணம் சுவர் சுவராக நின்றது. அதற்கு அடியில், ரோஜாவால் ஒன்றும் செய்ய முடியாத இன்னொரு வாசனை. ஐயா மேசைக்குப் பின்னால் நாற்காலியில் சம்மணம் போட்டு, கண்ணை மூடி, தியானத்தில் இருந்தார்.

"காலைக் கீழ வைங்க," என்றார் தராசம்மா.

இது ஆழ்நிலை தியானம், இடையில் கலைக்கக் கூடாது என்றார் ஐயா. மெத்தை தம்பிப் பாறையைக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தான். ஐயாவின் கண் திறந்தது. ஆழ்நிலை போய்விட்டது.

"காலைக் கீழ வைக்க இடம் இல்லையா?" என்றான் மெத்தை.

மேசைக்கு அடியில், கால் வைக்க வேண்டிய இடத்தில், ஐயாவின் விழாச் சால்வையைப் போர்த்திக்கொண்டு பெரிய பாறை உட்கார்ந்திருந்தது. ஓரத்தில் இன்னொரு சங்கு நண்டு, இந்த வீட்டைக் காலி செய்யலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

ஐயாவின் குரலிலிருந்து மைக் கழன்று விழுந்தது. அதுவரை மேடைத் தமிழில் பேசியவர் வீட்டுத் தமிழுக்கு இறங்கினார்.

"காலைல ஆறு மணிக்கு வந்தேம்மா. அது மேல மிதந்துக்கிட்டு இருந்துச்சு. என்னையே பாத்துச்சு. நாலு மணிக்கு இருநூறு பேர் வரப்போறாங்க, அசையாப் பாறை மிதக்குது. நான் என்ன பண்ணுவேன்?"

"அதுக்கு அந்தப் பொண்ணு என்ன பண்ணுவா?" என்றார் தராசம்மா.

ஐயா, பாறை ஆராய்ச்சிக்குப் போயிருப்பதாகச் சொல்லிவிடலாம், சாவியையும் சத்தமில்லாமல் கொடுத்துவிடலாம் என்று பேரம் பேசிப் பார்த்தார். திருடி என்று சொன்னது சத்தமாகத்தானே என்று தராசம்மா கேட்டார். எத்தனை பேர் முன்னால் சொன்னாரோ அதைவிடக் குறையாத கூட்டத்தில் திருப்பிச் சொல்ல வேண்டும். எடை சரியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மெத்தை இந்தத் தம்பிப் பாறையைத் தலையில் வைத்துக்கொண்டு கூடத்தில் நடனம் ஆடுவான். மெத்தை ஆடத் தயாராகவே இருந்தான். ஒரு காலைத் தூக்கியும் காட்டினான்.

நான்கு மணிக்கு ஐயா மேடை ஏறினார். தொட்டியைக் கவனித்துக்கொள்ளும் அம்மா எதையும் எடுக்கவில்லை, உப்புத் தண்ணீர் ஊற்றியதும் பாறையை ஒளித்ததும் தான்தான் என்று, குறிப்பேட்டைப் பார்க்காமல், தரையைப் பார்த்துச் சொன்னார். அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். ஆனால் மைக் கையில் இருக்கும்போது நிறுத்துவது அவருடைய பயிற்சித் திட்டத்தில் இல்லை. அவர் நிமிர்ந்தார். மார்பு விரிந்தது.

"நமது பாறை எழுந்தது," என்றார். "ஏன் எழுந்தது? சிந்தியுங்கள்."

கைதட்டல் கிளம்பியது. தொட்டியக்கா போய் மைக்கை வாங்கினாள். பிடுங்கவில்லை, ஈரக் கையை நீட்டினாள், அவர் கொடுத்துவிட்டார்.

"உப்பு அதிகமாச்சு, அதான் எழுந்துச்சு," என்றாள். "ஆவியாப் போறது தண்ணி மட்டும்தாங்க. உப்பு எங்கயும் போகாது. இனிமே நல்ல தண்ணி மட்டும் ஊத்துங்க. அதுவும் கொஞ்சம் கொஞ்சமா. ஒரே நாள்ல சரி பண்ணப் பாத்தா உள்ள இருக்கறது செத்துரும்."

இருநூறு பேரும் குறிப்பேட்டைத் திறந்து எழுதினார்கள். முன்வரிசையில் ஒரு நடுவயதுக்காரர் "உப்பு எங்கயும் போகாது" என்பதற்குக் கீழே இரண்டு கோடு போட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டார். இத்தனை வருஷப் பயிற்சியில் இப்படி ஒரு வார்த்தை கேட்டதில்லை என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். ஐயாவின் காதிலும் அது விழுந்தது. அவர் பேனாவைத் தேடினார்.

தொட்டியக்கா அதற்குள் வேலையில் இறங்கிவிட்டாள். தொட்டித் தண்ணீரிலேயே பாறையை அலசித் தேய்த்து உள்ளே இறக்கினாள். இரண்டாவது நண்டையும் விட்டாள். ஒரு வாளி உப்புத் தண்ணீரை எடுத்துவிட்டு, ஒரு வாளி நல்ல தண்ணீரைச் சின்னக் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக விட்டாள். உப்பு பழைய அளவுக்கு வர ஒரு வாரமாவது ஆகும். அதுவரை பாறை கீழே போகாது. சபதத்தைத் தள்ளிப்போட ஐயாவுக்கு மனமில்லை. வாடகை நாற்காலிகள் வந்திருந்தன.

எனவே இருநூறு பேர் கண்ணாடியை நோக்கி வலது கையை நீட்டி, எது வந்தாலும் அசையமாட்டோம் என்று ஒரே குரலில் சொன்னார்கள். அவர்கள் தலைக்கு நேரே அசையாப் பாறை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் உல்லாசமாக மிதந்துகொண்டிருந்தது. அதன் உச்சியில் ஏறி உட்கார்ந்த நண்டு மட்டும் அசையவில்லை. நீல மீன் பாறையின் அடிப்பக்கக் குகைக்குள் தலைகீழாக நுழைந்து பார்த்து, இதுவும் பரவாயில்லை என்று அங்கேயே தங்கிவிட்டது.

மெத்தை ஒரு நாற்காலியில் சாய்ந்து, சபதம் முடிவதற்குள் தூங்கிவிட்டான். தராசம்மா ஐயாவிடம் கையை நீட்டினார். சாவிக்கொத்து வந்தது. தொட்டியக்கா பன்னிரண்டையும் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். இந்த இடத்துச் சாவியைக் கழற்றிக் கொடுத்துவிடுவாள் என்று எதிர்பார்த்து ஐயா கையை நீட்டினார். அவள் கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"மீன் என்ன தப்பு பண்ணுச்சு? நாளைக்குக் காலைல வந்து உப்புப் பாக்கணும்."

போகும்முன் கண்ணாடியில் ஒட்டியிருந்த சீட்டை எடுத்து, "தண்ணி" என்பதற்கு முன்னால் "நல்ல" என்று பெரிதாக எழுதி மறுபடி ஒட்டினாள். பிறகு குனிந்து பித்தளைப் பலகையைப் பார்த்தாள். "தொடாதீர்கள்" என்பதற்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. மார்க்கரைத் திறந்து இரண்டு வார்த்தை சேர்த்தாள்.

முக்கியமா ஐயா.